ஊர்விலக்குக் கூட்டத்துக்கு ஒரு பகல் பயணம்

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குத் தஞ்சாவூரில் நாகூர் பஸ் ஏறினேன். டிக்கெட் பதினேழு ரூபாய். ஜமாஅத் தலைவர்களிடம் நிதானம் பேச நாங்கள் நான்கு பேர் குழு வைத்திருந்தோம். மற்ற மூவருக்கும் அன்றைக்கென்று காய்ச்சல், கல்யாணம், ஆடிட். பயம் என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் பயம்தான்.

திருவாரூர் தாண்டியதும் இருபுறமும் நடவு முடிந்த வயல். பதினொன்றரைக்கு, நாகூருக்கு ஆறு கிலோமீட்டர் முன்பே இறங்கினேன். சுல்தான் பாய் சைக்கிளோடு நின்றிருந்தார். ஊர் தர்காவின் சந்தனக்கூடு ஊர்வலத்தை வழக்கம்போல இந்துக் கூலிக்காரர்களின் தெருவுக்கும் கொண்டுபோனவர் அவர்தான். மார்க்கத்துக்கு விரோதம் என்று குவைத்திலிருந்து திரும்பியவர்கள் எதிர்த்தார்கள். இவர் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்று அவரை ஊர்விலக்கு செய்யக் கூட்டம்.

"அடுத்த மாசம் மகளுக்கு நிக்காஹ், சார். விலக்கிட்டா பள்ளிவாசல் கல்யாணப் பதிவுப் புத்தகம் தரமாட்டாங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வருவாங்களா?"

"மன்னிப்புக் கேட்டுட்டா என்ன பாய்?"

"வருஷா வருஷம் வாசல் தெளிச்சுக் காத்திருக்கிற சனங்க. அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்?"

ஜும்மா முடிந்து இரண்டு மணிக்குப் பள்ளிவாசல் கூடத்தில் எழுபது பேர் இருக்கும். குவைத்திலிருந்து வந்த ஜாஃபர் எழுந்தார்.

"தஞ்சாவூர்க்காரருக்கு எங்க ஊர்ல என்னங்க வேலை?"

பின்வரிசையில் நாலைந்து பேர் எழுந்து நின்றார்கள். யாரோ கதவைச் சாத்தினார்கள். எழுதிக்கொண்டுபோன தாள் சட்டைப்பையிலேயே இருந்தது. எத்தனையோ கூட்டங்களின் முடிவில் சொல்லிப் பழகிய ஒன்றுதான் வாயில் வந்தது.

"அல்ஃபாத்திஹா!"

அதைச் சொல்லிவிட்டால் எல்லோரும் குர்ஆனின் முதல் அத்தியாயத்தை ஓத வேண்டும்; கூட்டம் முடிந்தது என்று அர்த்தம். எழுபது பேரும் கையேந்தி ஓதினார்கள். ஜாஃபரின் கையும் பழக்கத்தில் உயர்ந்துவிட்டது. ஓதி முடித்தபின் தீர்மானம் போடுவது எங்கள் வழக்கத்தில் இல்லை. தலைவர் என்னை முறைத்துவிட்டு, அடுத்த வெள்ளிக்குத் தள்ளிவைத்தார்.

நாலரைக்குத் திரும்பும் பஸ். சுல்தான் பாய் என் கையை விடவில்லை.

"நல்ல யோசனை பண்ணீங்க சார். அடுத்த வெள்ளியும் வருவீங்கள்ல?"

யோசனையா! பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். வருகிறேன் என்றேன்.

ஏழே முக்காலுக்குத் தஞ்சாவூர். எங்கள் பள்ளிவாசலிலும் போன மாதம், தர்காவுக்குப் போனார் என்று ஒருவரை விலக்கினார்கள். அன்று நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அவர் வீடு என் வீட்டுக்கு எதிரில். இந்தப் பயணம் முழுக்க நான் அதிகம் பயந்தது, எங்கள் தெருவில் திரும்பும்போதுதான்.