எதுவும் அசையாத பத்து நிமிடம்

தனபாலுக்குப் பொய் சொல்லத் தெரியாது. தெரியாதவன் சும்மா இருந்திருக்கலாம். ஒரு பொய்யைச் சொல்லித் தொலைத்து, ஒரு வருஷமாக அதற்குச் சோறு போட்டு வளர்த்தும் வந்தான்.

வடகரப்பதியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறவன் அவன். வேலையெல்லாம் வீட்டின் முன்னறையிலேயே. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, அயர்லாந்தில் நர்ஸாக இருந்து காரியத்துக்கு வந்திருந்த ஒரே மகள் யோகப்பிரியா, "உங்களைத் தனியா உட்டுட்டு எப்படீங்கப்பா போறது?" என்று பெட்டி கட்டாமல் உட்கார்ந்துவிட்டாள். தனபாலின் அக்கா மருதாத்தாள்தான், "நான் கூட இருந்துக்கறேன், நீ போ அம்மிணி" என்று அனுப்பி வைத்தாள். சொன்னபடி கொஞ்ச காலம் இருக்கவும் செய்தாள். அப்புறம் மருமகளுக்குப் பிரசவம் என்று பொள்ளாச்சிக்குப் போனவள், பேரனை விட்டு வர மனசில்லாமல் அங்கேயே தங்கிவிட்டாள். இதைச் சொன்னால் மகள் வேலையை உதறிவிட்டு ஓடி வந்துவிடுவாள். தன்னால் அவள் பிழைப்பு கெடக்கூடாது. அதனால் சொல்லவில்லை.

"அத்தை எங்கீங்கப்பா?" என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் கேட்பாள்.

"குளிக்கறா."

அடுத்த வாரமும் அத்தை குளித்தாள். அதற்கடுத்த வாரம் கோயிலுக்குப் போனாள். இப்படிக் குளித்துக்கொண்டே இருக்கும் ஒரு பொம்பளையை யாராவது கண்டதுண்டா? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா!

கடைசியில் மகள் கேட்டேவிட்டாள். "ஊட்டை ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கப்பா. பாட்டெல்லாம் போட வேண்டாம். நீங்க ரெண்டு பேரும் சும்மா இருக்கறதை அப்படியே எடுங்க. வாட்ஸப்புல அனுப்பாதீங்க, மங்கிப் போகுது."

தனபால் அசரவில்லை. கொடியில் அக்கா விட்டுப்போன சேலையைக் காயப்போட்டான். மேசையில் இரண்டு டம்ளர் வைத்தான். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பத்து நிமிடம் பேப்பர் படித்தான். பழைய கல்யாண வீடியோ ஒன்றில் பந்தியிலிருந்து அக்கா கத்திய குரல் கிடந்தது. "டேய் தனபாலு, சோறு ஆறுது, வந்து உண்ணுடா!" அதை வெட்டியெடுத்து, சமையலறைக்குள்ளிருந்து வருகிறமாதிரி ஒட்டினான். அத்தைக்குக் கேமரா என்றால் வெட்கம் என்று சொல்லிக்கொள்ளலாம். திரும்பப் போட்டுப் பார்த்தபோது, பேப்பரிலிருந்து நிமிர்ந்து "வர்றேன்க்கா" என்று சொல்லாமல் விட்டோமே என்று தோன்றியது. அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்றும் தோன்றியது. இன்னும் இரண்டு தடவை போட்டுக் கேட்டான்.

பிறகு எக்ஸ்போர்ட். ஆன்லைனில் அனுப்புகிற எதற்கும் அவனுக்கு ஒரே வழக்கம்தான்: ஒரு நொடிப் படத்துக்கு எவ்வளவு டேட்டா என்கிற பிட்ரேட்டை நிலையாக வைக்காமல், படத்தின் அசைவுக்கேற்ப ஏறி இறங்க விடுவான். ஜமாப் மேளம் அடித்து ஆடுகிற இடத்திலும், எல்லோரும் சேர்ந்து அட்சதை தூவுகிற இடத்திலும் ஃபைல் வீங்கும். ஆள் அசையாத இடத்தில் சுருங்கிக்கொள்ளும். பார்க்கிறவர்களுக்குத் தெளிவும் கெடாது, நெட்டும் வீணாகாது. மகளின் நெட்டை மிச்சம் பிடிக்கிற நினைப்பில் இந்தத் தடவையும் அதையே தட்டினான். மடையன்! பத்து நிமிடக் கல்யாணம் அறுநூறு எம்பி வருகிற அதே செட்டிங்கில், அவன் வீடு எண்பது எம்பியில் அடங்கியது. அதைக்கூட நல்லதாயிற்று என்றுதான் நினைத்தான். கூகுள் டிரைவில் ஏற்றி லிங்க்கை அனுப்பினான்.

சற்று நேரத்தில் போன் வந்தது.

"பாத்தியா அம்மிணி?"

"இன்னும் திறக்கலீங்கப்பா. பத்து நிமிஷம் எண்பது எம்பிதான் காட்டுது."

பள்ளிக்கூட நாளெல்லாம் இந்தக் கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, 'இது எத்தனை எம்பி வரும் சொல்லுங்க பார்க்கலாம்' என்று பந்தயம் கட்டியவள் அவள். அவளிடமா இந்தக் கதை?

"குவாலிட்டியைக் கொறைச்சுப் போட்டுட்டேன் கண்ணு."

"இல்லீங்க. எப்பவும் போடற செட்டிங்குதான், ஃபைல் பேரிலேயே எழுதியிருக்கீங்க. அந்த ஊட்டுக்குள்ள யாருமே நடமாடலீங்கப்பா. அத்தை இல்லீங்களா?"

கொடியில் சேலை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க அவனுக்கே அவமானமாக இருந்தது.

"இல்லை" என்றான்.

"எப்பயிருந்துங்க?"

"போன ஆவணியிலிருந்து."

திட்டுவாள், அழுவாள், அடுத்த ப்ளேனுக்கு டிக்கெட் போடுகிறேன் என்பாள் என்று காத்திருந்தான். அவள் ஒன்றும் செய்யவில்லை.

"இங்க என்ற ரூமையும் எடுத்து அனுப்பட்டுங்களாப்பா?" என்றாள். "அது இன்னுங் கம்மியாத்தான் வரும்."

இத்தனை வாரமாகத் தன் பொய்யைக் காப்பாற்றுகிற அவசரத்தில், அவள் யாரோடு சாப்பிடுகிறாள், யாரோடு பேசுகிறாள் என்று ஒரு தடவைகூட அவன் கேட்டதில்லை.

"வந்துரு சாமி" என்றான் தனபால்.