மழைமானிக்கு மேல் தார்ப்பாய்

அக்காவுக்கு உட்கார்ந்து டீ குடிக்கத் தெரியாது. டம்ளரோடு வாசலுக்கும் பின்கட்டுக்கும் நடந்துகொண்டே இருப்பாள். வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மணற்பாறையில் ஏறுவதற்கு எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். மழை பெய்தால் அந்தப் பாறை ஊறிவிடும். வெளியே காய்ந்த பிறகும் உள்ளே ஈரம் உட்கார்ந்திருக்கும். பற்றிய பிடி ரஸ்க் மாதிரி கையோடு வரும். மழைமானியைப் பார்த்துவிட்டு, பாதை முகப்பில் பச்சைப் பலகையோ சிவப்புப் பலகையோ மாட்டுவது அக்காவின் வேலை. கயிறு கட்டி ஆட்களை ஏற்றுவது அவள் கணவரின், என் மாமாவின் வேலை.

"மேகத்துக்கு மூக்கு வேர்த்தாலே உங்க அக்கா சிவப்பைத் தூக்கிடுவா" என்பார் மாமா.

அன்று காலை மானி வறண்டிருந்தது. பச்சையை மாட்டிவிட்டு வந்தாள். மாமா இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனார். அக்காவுக்குத்தான் கால் தரிக்கவில்லை.

"ராத்திரி கூரை மேல மழைச் சத்தம் கேட்டுச்சேடா?"

"கனவா இருக்கும்க்கா."

பின்கட்டில், ராத்திரி காலியாக வைத்த வாளியில் தண்ணீர் நின்றது. பக்கத்தில் மடித்துப் போட்டிருந்த தார்ப்பாயைத் தொட்டாள். ஈரம்.

"இதை நேத்து எங்க கட்டியிருந்தார்?"

"கயிறு நனையக் கூடாதுன்னு... ஒரு முனை வேலியில, ஒரு முனை மானிக் கம்பத்துல. காலையில நீ மானியைப் பார்க்கறதுக்கு முன்னாடியே அவிழ்த்துட்டார்."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓடினாள்.

மாமா பாதிப் பாறையில் இருந்தார். வந்தவர்களில் ஒருவர் கீழே கயிற்றைப் பிடித்திருந்தார். அக்கா குனிந்து பாறையடி மணலை விரலால் தோண்டினாள். மேலே பொடி, உள்ளே களிபோல் ஒட்டியது.

"இறங்குங்க. மணல் ஈரமா இருக்கு."

"நான் மணல்லயா ஏறுறேன்? பாறை சுடுது இங்க."

"இது எந்தப் பாறை உதிர்ந்த மணலாம்? உங்க தார்ப்பாய் மானிக்குக் குடை பிடிச்சிருக்கு."

மாமா பிடியிலிருந்து ஒரு கையை எடுத்தார். தலைக்கு மேல் பாறையில் ஆழமாக அடித்திருந்த இரும்பு வளையத்தில் கயிற்றை மாட்டினார்.

"எதையும் பிடிக்காதீங்க. கீழ கயிறு பிடிச்சிருக்கறவர் இறக்கட்டும்."

பிடிபட்ட திருடன் மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு இறங்கினார். அவர் கால் தரையில் படும்வரை அக்கா அந்த ஈர மணலைக் கைக்குள் பிசைந்துகொண்டே நின்றாள்.

"ஒண்ணும் உடையலையேம்மா" என்றார் கயிறு பிடித்திருந்தவர், சலிப்போடு.

"உடையல" என்றாள் அக்கா. போய்ச் சிவப்பை மாட்டினாள்.

சாயங்காலம் மாமா தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு தோட்டத்தின் மறுகோடிக்குப் போனார். அக்கா டம்ளரோடு பின்னாலேயே போனாள், முடிச்சு எங்கே விழுகிறது என்று பார்க்க.