புளி போட்டுத் துலக்கிய வலை

கரி பிடித்த பாத்திரத்தைக் கண்டால் எனக்கு ஆகாது. இப்போதும் ஆகாது. ஒரு வீட்டுக்குப் போனால் அவர்கள் என்னை எப்படி வரவேற்றார்கள் என்பது மறந்துவிடும். தண்ணீர் கொடுத்த செம்பின் அடிப்பாகம் எப்படி இருந்தது என்பது மறக்காது. கெட்ட குணம்தான். வாடிப்பட்டிப் பக்கம் வயல்வேலை பார்க்கிற எங்கள் சம்சாரி வீடுகளில் பெண்பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்தார்கள். வியாழக்கிழமை சாயங்காலமானால் வீட்டிலுள்ள பித்தளை, செம்பு அத்தனையும் முற்றத்துக்கு வந்துவிடும். புளி, சாம்பல், செங்கல்தூள் என்று வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் முகம் தெரிகிறவரை எழுந்திருக்க முடியாது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட என் முகத்தை ஒரு தடவைதான் பார்த்தார்கள், நான் துலக்கி வைத்திருந்த பித்தளைப் பானையை இரண்டு தடவை பார்த்தார்கள். பானைக்கும் சேர்த்துத்தான் பரிசம் போட்டார்கள் என்று என் அண்ணன் கேலி பண்ணுவான்.

இரண்டாவது உலகச் சண்டை வருவதற்கு முந்தின வருஷங்கள் அவை. என் வீட்டுக்காரர் மதுரையில் ஒரு மிஷன் காலேஜில் ரசாயன லேபில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தார். பையன்களுக்குச் சோதனைகளைச் செய்து காட்டுகிற வேலை. ஏழு குடித்தனம் இருந்த ஒரு வளவில் மாடியில் மச்சறை ஒன்றை வாடகைக்குப் பிடித்திருந்தார். சமையல், படுக்கை, படிப்பு எல்லாம் அந்த ஒரே அறையில். நடுவில் ஒரு பலகைத் தட்டி. மச்சில் விறகு எரிக்கக் கூடாது, உத்தரம் கறுத்துவிடும் என்று வீட்டுக்காரச் செட்டியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் மண்ணெண்ணெயில் எரியும் திரி ஸ்டவ் வாங்கினோம். விறகுப் புகை இல்லையே தவிர, அதன் நாற்றம் சோற்றிலும் ஏறும், தலைமுடியிலும் ஏறும். பாத்திரத்தின் அடி மை பூசியதுபோல் ஆகிவிடும். எனக்குக் கேட்கவா வேண்டும்? தினமும் துலக்கினேன்.

அந்த அறைக்கு என் நாத்தனார் வந்து சேர்ந்தாள். என் வீட்டுக்காரரின் ஒரே தங்கை, பதினெட்டு வயது. மிஷன் நடத்திய டிரெயினிங் ஸ்கூலில் வாத்தியாரம்மா ஆவதற்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு இழுப்பு. ஹாஸ்டல் சமையற்கட்டுப் புகையில் அது அதிகமாகி, வெளியே தங்கிப் படிக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள்.

என் மாமியார் அழகர்கோவில் பக்கத்து ஊரில் இருந்தார். மகள் படிப்பதில் அவருக்குச் சம்மதமே இல்லை. பெண்டாட்டி செத்து இரண்டு பிள்ளைகளோடு நின்ற தன் தம்பிக்கு அவளைக் கொடுத்துவிட வேண்டும் என்று துடித்தார். “இன்னொரு தடவ இழுத்துச்சுன்னு காதுல விழுகட்டும், அன்னைக்கே கூட்டிட்டு வந்துருவேன்” என்று மகனிடம் முடிவாகச் சொல்லியிருந்தார். ஆக அந்தப் பெண் எங்கள் அறையில் மூச்சுவிட முடிந்தால் வாத்தியாரம்மா, முடியாவிட்டால் தாய்மாமனுக்கு இரண்டாம் தாரம். நடுவில் வேறு வழி கிடையாது.

அவள் வந்ததில் எனக்குச் சந்தோஷம் என்று சொன்னால் அது பொய். கல்யாணமாகி எட்டு மாதம். ஒரே அறை. தட்டிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி உஸ் உஸ் என்று இழுத்துக்கொண்டிருந்தால் புருஷனிடம் மனம்விட்டு என்ன பேச முடியும்? நான் ஸ்டவ்வைப் பற்றவைத்த கொஞ்ச நேரத்தில் அவளுக்கு இழுப்பு ஆரம்பிக்கும். நான் ஏதோ செய்துவிட்டதுபோல இருக்கும். அவள் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு புத்தகத்தைப் படிப்பாள். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டவ்வுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சுடருக்கு மேலே ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டில் கரி வட்டமாகப் படிந்தது. “இது எண்ணெய்தான். பாதிதான் எரிஞ்சிருக்கு. மிச்சம் புகையாவும் நாத்தமாவும் அவ நெஞ்சுக்குள்ள போகுது” என்றார். பிறகு ஒரு வாரம் சாயங்காலமெல்லாம் தட்டலும் வெட்டலும்தான். தகரத்தில் வளையம் செய்தார். அதற்குள் செம்புக் கம்பி வலையை இரண்டு மடிப்பாக வைத்தார். செத்துப்போன டார்ச் பேட்டரிக் கட்டைகளை உடைத்து உள்ளே இருந்த கறுப்புத் தூளை எடுத்தார். அதை லேபில் கழுவிச் சுத்தம் செய்து, சோற்றுக் கஞ்சியில் குழைத்து வலையில் பூசிச் சுட்டெடுத்தார். பார்க்கச் சகிக்கவில்லை. அட்டக்கரியாய் ஒரு வலை. அதைச் சுடருக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் பொருத்தினார்.

வலை சூடேறும்வரை கொஞ்சம் நாறியது. அப்புறம் நாற்றம் குறைந்தது. பீங்கான் தட்டைப் பிடித்தால் மங்கலாக ஒரு மஞ்சள் வளையம், அவ்வளவுதான்.

“இது என்ன மாயம்?” என்றேன்.

“மாயமில்ல. எரியாமத் தப்பிச்சு வர்ற ஆவி இந்தக் கறுப்புல பட்டா, அங்கேயே காத்தோட சேந்து எரிஞ்சிரும். அம்புட்டுச் சூடு வேணும்னு அவசியமில்ல. இந்தக் கறுப்பு எரிய வைக்கும், ஆனா தான் எரியாது, செலவாகாது. கேட்டலிஸ்ட்டுனு பேரு” என்றார். பெரிய விஷயத்தைச் சொல்லிவிட்டதுபோல் அவருக்கே கூச்சம் வந்துவிட்டது. எழுந்து போகும்போது, “முழுசாப் போயிரும்னு சொல்ல முடியாது. ஆனா இதச் சுத்தமா வச்சுக்க. பால் பொங்கி விழுந்துராம, எண்ணெய் சிந்திராமப் பாத்துக்க” என்றார்.

சுத்தமா வச்சுக்க. அந்த ஒரு சொல்தான் என் காதில் நின்றது.

சோறு கொதிக்க முன்னைவிட நேரமானது. ஆனால் இழுப்பு குறைந்தது. பத்து நாள் கழித்து அவள் தட்டியைத் தாண்டி ஸ்டவ்வுக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார ஆரம்பித்தாள். இன்ஸ்பெக்டர் முன்னால் வகுப்பு நடத்திக் காட்டுகிற பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. பாடம் நடத்திப் பழக ஆள் வேண்டும், நான்தான் கிடைத்தேன். நான் வெங்காயம் உரிப்பேன். அவள் கரண்டிக் காம்பைப் பிரம்பாகப் பிடித்துக்கொண்டு, “பிள்ளைகளே, மழை எங்கிருந்து வருகிறது?” என்பாள். “செட்டியார் வீட்டு ஓட்டை வழியா வருது டீச்சர்” என்பேன். பெஞ்சின் மேல் ஏறி நில் என்பாள். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். மிச்சத்தை அந்த ஸ்டவ்வுக்கு முன்னால்தான் படித்தேன். அவள் ஒரு நாள் வர நேரமானால் அறை வெறிச்சென்று இருக்கும். எரிச்சல் எப்போது போனது, பிரியம் எப்போது வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

பரீட்சை புதன்கிழமை. அதற்கு முந்தின வியாழக்கிழமை, ஐப்பசி அடைமழை. குத்துவிளக்கு, செம்பு, குடம் எல்லாவற்றையும் துலக்கி முடித்துவிட்டு நிமிர்ந்தேன். ஸ்டவ்வின் மேல் அந்த வலை கறுகறுவென்று உட்கார்ந்திருந்தது. நாளைக்கு வெள்ளிக்கிழமை. புதன்கிழமை இன்ஸ்பெக்டர் வருகிறார், நல்ல காரியம் நடக்கப்போகிறது, அடுப்பு மட்டும் இப்படி இருக்கலாமா? செலவாகாது, எரியாது என்று அவரே சொன்னாரே. அப்படியானால் துலக்கினால் என்ன தேய்ந்துவிடப் போகிறது? புளியைக் கரைத்து ஊறவைத்து, சாம்பலும் செங்கல்தூளும் போட்டுத் தேய்த்தேன். விரல் நுனி காந்துகிறவரை தேய்த்தேன். செம்பு புதுசாகச் சிவந்து மின்னியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை மழைக்கு ஜன்னலை அடைத்துவிட்டுச் சமைத்தேன். வலைக்கண்களில் அடைத்திருந்த புளிச்சக்கை கருகிப் புகைந்தது. சாம்பல் அடைத்த இடத்தில் சுடர் திணறிக் கரியைக் கக்கியது. முதலில் அப்படித்தான் கொஞ்சம் நாறும் என்று நான் பேசாமல் இருந்தேன். பரீட்சைக்குப் படிக்க லீவு விட்டிருந்ததால் அவள் அறையில்தான் இருந்தாள்; பத்து மணிக்கெல்லாம் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். தோள்கள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. அந்த நேரம் பார்த்துக் காய்கறி மூட்டையோடு என் மாமியார் படியேறி வந்தார்.

மகளைப் பார்த்தார். மூட்டையைக் கீழே போட்டார். “துணிமணிய எடு” என்றார்.

காலேஜுக்கு ஆள் விட்டேன். என் வீட்டுக்காரர் நனைந்துகொண்டு ஓடிவந்தார். முதலில் ஜன்னலைத் திறந்தார், பிறகு ஸ்டவ்வைக் குனிந்து பார்த்தார். “என்ன செஞ்ச?” என்றார். “சுத்தமா வச்சுக்கன்னு சொன்னீங்களே” என்றேன். “எரிய வச்சதே அந்தக் கறுப்புதான். அதத்தான் தேச்செடுத்திருக்க” என்றார். திட்டியிருந்தால் தேவலாம்.

“தெரியாமச் செஞ்சவளா இவ?” என்றார் மாமியார். “எம் மக இங்கன இருக்குறது பிடிக்கல. வேணும்னே தேச்சிருக்கா.”

இல்லை என்று சத்தம் போட்டுச் சொல்லியிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை, எந்தக் கோவிலிலும் சத்தியம் பண்ணுவேன். ஆனால் இவள் போய்விட்டால் நன்றாக இருக்குமே என்று நினைத்த நாட்கள் இருந்தன. மாமியார் அதைத் தொட்டுவிட்டார்.

“ஒரே ஒரு நாள் பொறுங்க அத்தை” என்று காலில் விழுந்தேன். “நாளைக்கு நீங்க பக்கத்துல உக்காந்து பாருங்க. அப்பவும் இழுத்தா நானே கொண்டுவந்து விடுறேன்.”

மழை விட்டதும் மொட்டைமாடிக்குப் போனேன். அவர் லேபிலிருந்து கழுவிய தூள் கொஞ்சம் கொண்டுவந்து கொடுத்தார். செய்ய வேண்டியதைச் சொன்னார். நானே செய்கிறேன் என்றேன். இடுக்கியால் வலையைப் பிடித்துத் தணலில் காட்டினேன். சிவப்பு போய், ஊதா வந்து, மெல்லக் கறுத்தது. ஒரு பொருளை வேண்டுமென்றே கறுக்க வைத்தது என் வாழ்நாளில் அன்றுதான். தூளைக் கஞ்சியில் குழைத்துப் பூசினேன், சுட்டேன், உதிர்ந்த இடத்தில் மறுபடி பூசினேன். புகை கண்ணில் அடித்தது நல்லதாகப் போயிற்று. அழுததற்கு யாரும் காரணம் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை மாமியார் மகளின் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூச்சை எண்ணுகிறாரோ என்று நினைத்துக்கொண்டே அரிசியைக் களைந்தேன். உலை கொதித்தது, குழம்பு கொதித்தது. நான் தட்டிப் பக்கம் திரும்பவே இல்லை. சோற்றை வடித்து நிமிர்ந்தபோது மாமியார் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவள் மடியில் புத்தகம். இழுப்பு லேசாக இருந்தது, முந்தினநாள் மிச்சம்தான். சாயங்கால பஸ்ஸில் மாமியார் தனியாக ஊருக்குப் போனார். என்னிடம் போறேன் என்றுகூடச் சொல்லவில்லை. ஆனால் காய்கறி மூட்டையை என் பக்கம் தள்ளிவிட்டுப் போனார்.

அந்த வலை நாலைந்து மாதம்தான் நன்றாக வேலை செய்தது. மண்ணெண்ணெயிலுள்ள கந்தகம் கறுப்பைக் கெடுத்துவிடுகிறது என்று அவர் சொன்னார். மறுபடி பூசுவோம், மறுபடி கெடும். அவள் படிப்பு முடிகிறவரை அப்படியே ஓட்டினோம். அதைப் பற்றி அவர் யாருக்கும் எழுதவில்லை, யாரிடமும் காட்டவில்லை.

அந்தப் புதன்கிழமை பரீட்சை முடிந்து அவள் படியேறி வந்தாள். கடைசி பெஞ்சுவரை குரல் கேட்டது என்று இன்ஸ்பெக்டர் எழுதிக் கொடுத்தாராம். அதைச் சொல்லிவிட்டு ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். எனக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

“ஏ புள்ள, உங்கம்மா சொன்னது முழுப் பொய்யில்ல. வலைய வேணும்னு தேய்க்கல. ஆனா நீ போயிட்டாத் தேவலன்னு நெனச்சிருக்கேன்” என்றேன்.

“எப்ப?”

“வந்த புதுசுல. ஒரு நாள்.”

“ஒரே ஒரு நாளா?”

“ஒரு மாசம்.”

அவள் என்னைப் பார்த்தாள். “நீங்க ஊருக்குப் போயிட்டாத் தேவலன்னு நான் மொத ரெண்டு மாசமும் நெனச்சேன் மதினி” என்றாள். சொல்லி முடிப்பதற்குள் தோள் குலுங்கியது, மூச்சு முட்டியது, கண்ணில் நீர் வந்தது. நான் பதறிப்போய் ஸ்டவ்வை அணைக்க எழுந்தேன். அவள் என் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“உக்காருங்க மதினி. இது இழுப்பில்ல, சிரிப்பு.”