பெட்டிக்குள் மலைப்பூண்டு

நாளைக்கு ஜெர்மனிக்குப் பறக்கிறேன்! நர்ஸ் வேலை!

பெருமாள்மலை மில்லில் மலைப்பூண்டு இட்லிப்பொடி அரைத்துக்கொண்டு, சூடு ஆறாத பையோடு இன்று காலை பஸ் ஏறினேன். வாசனை எனக்கு முன்னால் போய் சீட் பிடித்துவிட்டது.

“யாருங்க அது, பஸ்ஸுக்குள்ள இட்லிக் கடை போட்டது?” என்றார் கண்டக்டர்.

“நாந்தாண்ணே. ஜெர்மனிக்குக் கொண்டுபோறேன்.”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

“சூட்டோட டப்பாவுல அடைச்சிராதத்தா, வேர்த்துப் போயிரும்,” என்றார் பக்கத்து சீட்டு அக்கா. அதே மூச்சில், “எம் மகளும் அங்கதான் இருக்கா. ஒரு சின்ன பார்சல் தரவா?”

மகள் இருக்கும் ஊரைக் கேட்டேன். நான் போகும் ஊரிலிருந்து ரயிலில் அரை நாள் ஆகும் என்றேன்.

“கொடைக்கானல்ல இருந்து பார்த்தா ரெண்டும் பக்கந்தானத்தா!”

செண்பகனூரில் இருக்கும் என் வீட்டுக்கு அடையாளம் கேட்டுக்கொண்டவர், சாயங்காலமே வந்துவிட்டார். அந்தச் சின்ன பார்சலை இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்தது.

“உள்ள என்னக்கா?”

“வேற என்ன, மலைப்பூண்டுப் பொடிதான்.”

பெட்டியை மூட முடியவில்லை. ஸ்வெட்டரை எடுத்து வெளியே வைத்துவிட்டேன்.

ஜெர்மனி நண்பர்களே, யாராவது ஒரு ஸ்வெட்டரோடு ஏர்போர்ட்டுக்கு வாருங்கள். இட்லிக்குத் தொட்டுக்கொள்ள நான் பொறுப்பு.