பாடல் பெறாத ஊர்

என் மகள் மருத்துவர். ஆஸ்திரேலியாவில் நிலையாகக் குடியேற வேண்டுமானால் சில ஆண்டுகள் நாட்டுப்புறத்தில் பணியாற்ற வேண்டும் என்றார்கள். இரண்டு ஊர்களின் மருத்துவமனைகள் அவளை அழைத்தன. ஒன்று மேட்டுப் புல்வெளி. ஆடுகளும் காற்றும் தவிர வேறொன்றும் இல்லை. மற்றொன்று வாய்க்கால் பாசனத்தில் நெல் விளையும் சமவெளி. அங்கே தமிழ்க் குடும்பங்கள் சில கூடி, பழைய தானியக் கொட்டகையில் சிவலிங்கம் வைத்து வழிபடுவதாகக் கேள்விப்பட்டதும் என் மனம் அங்கேயே போய் உட்கார்ந்துகொண்டது. மனைவி இறந்தபின் மகளிடம் வந்து சேர்ந்தவன் நான். ஈசன் திருமுன் நின்று பதிகம் பாடுவது ஒன்றே எனக்கு எஞ்சியிருந்த ஆசை.

அது பழைய ஆசை. நீடாமங்கலத்துக்கு அருகில் எங்கள் ஊர். தந்தை மிராசுதாரிடம் பண்ணையாள். ஊர்க் கோயிலுக்குள் எங்களுக்கு இடமில்லை. மார்கழி விடியலில் ஓதுவார் பாடுவதை மதிலுக்கு வெளியே நின்று கேட்டே பதிகங்களை நெஞ்சில் ஏற்றிக்கொண்டேன். அறுவடைக் கூலிக்காகச் செங்கொடி ஏறிய நாட்களில், குடிசையைக் காலி செய்யும்படி மிராசுதார் உத்தரவிட்டார். பிறகு புதிய ஆட்சி வந்தது. குடியிருந்த மனைக்குப் பட்டா கிடைத்தது. மேடைகளில் சாதி ஒழிந்தது. மிராசுதார் வீட்டு வாசலிலும் ஆளுங்கட்சிக் கொடி பறந்தது. மனை எங்களுடையதாயிற்று, ஆனால் ஊரையும் எங்கள் சேரியையும் பிரித்த வாய்க்காலுக்கு எந்தப் பக்கம் இருந்ததோ, அந்தப் பக்கமே இருந்தது.

நெல் விளையும் ஊரைப் பார்த்துவர மகள் என்னைக் காரில் அழைத்துச் சென்றாள். அவள் அப்போது கருவுற்றிருந்தாள். கொட்டகைக் கோயிலை நடத்தியவர் குத்தாலத்துக்காரர். என்னைப் பாடச் சொன்னார். பாடி முடித்தபோது கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"என்னா குரலுங்கய்யா! இனிமே வெள்ளிக்கிழமைன்னா நீங்கதான் பாடணும். இவ்வளவு நாளா செல்போன்லதான் பதிகம் போட்டுக்கிட்டு இருந்தோம்."

"சார்ஜ் போட மறந்துட்டா அன்னிக்கு ஊமைப் பூசைதான்" என்று அவர் மனைவி சிரித்தார்.

அவர்கள் வீட்டிலேயே சாப்பாடு. இலை போட்டுப் பரிமாறும்போது அவர் கேட்டார்: "நீடாமங்கலம் பக்கமா? எங்க சித்தப்பா அங்கதாங்க பொண்ணு எடுத்தாரு. ஐயா வீடு எந்தத் தெரு? கோயிலுக்கு மேக்காலயா, கிழக்காலயா?"

மகள் என்னைப் பார்த்தாள்.

"வாய்க்காலுக்கு அந்தாண்டங்க" என்றேன்.

"ஓ" என்றார். பிறகு மழையைப் பற்றிப் பேசினார். விடைபெறும்போது வெள்ளிக்கிழமையைப் பற்றி நானே கேட்க வேண்டியதாயிற்று.

"சொல்லி அனுப்புறேன் பெரியவரே. கமிட்டின்னு ஒண்ணு இருக்குல்ல, நாலு பேரக் கேக்கணும்."

உண்பதற்கு முன் ஐயாவாக இருந்தவன், கை கழுவியபின் பெரியவர் ஆனேன்.

காரில் மகள் சொன்னாள்: "நமக்கு விசா கெடைக்க என்ன பாடு பட்டோம்! தெரு மட்டும் விசா இல்லாமயே வந்து எறங்கிடுச்சு பாருங்கப்பா."

"அதுக்காக சாமிய அவங்ககிட்டயே விட்டுட்டுப் போறதாம்மா? நாம போய்ப் போய் நின்னா ஒருநாள் வழி விடுவாங்க."

"நீங்க மதிலுக்கு வெளிய நின்னீங்க. எம் புள்ளையும் நிக்கணுமா? எனக்கு ஆடு போதும்ப்பா. ஆடு எந்தத் தெருன்னு கேக்காது."

அடியார்க்குள் வேற்றுமை இல்லை என்று சொல்லும் பதிகங்கள் எனக்கு எத்தனையோ தெரியும். அவள் பிள்ளை எங்கே நிற்க வேண்டும் என்று அவற்றுள் ஒன்றும் சொல்லவில்லை.

"சரிம்மா, மேட்டு ஊருக்கே வர்றதா சொல்லிடு" என்றேன்.

காவிரியின் வடகரையிலும் தென்கரையிலும் பாடல் பெற்ற தலங்களை வரிசை பிறழாமல் என்னால் சொல்ல முடியும். நான் சாகப்போகும் இந்த மேட்டு ஊருக்குப் பாடல் இல்லை. பேத்தி புல்வெளியில் ஓடுகிறாள். யாரும் அவளை எதுவும் கேட்பதில்லை. மகள் தேர்ந்தது சரியான ஊர்தான். இறைவன்மேல் எனக்குக் குறை இல்லை. அவன் பெயரைச் சொல்லிக்கொண்டு எனக்கு முன்பே போய் அவனைச் சூழ்ந்துகொண்டவர்கள்மேல் உள்ள கோபம் தணியவில்லை. அது தணிய வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்வதும் இல்லை.