வேப்பமர நிழலும் மூர்த்தி சாரின் சோலார் ஷீட்டும்

தில்லியில் எங்கள் சரோஜினி நகர் குடியிருப்பில் வேப்பமர நிழல் ஒரு காருக்குத்தான் போதும். கீழ்வீட்டு மூர்த்தி சார் அந்த இடத்தை இத்தனை வருஷமாக யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

போன வாரம் அவராகவே காரை எடுத்து மொட்டை வெயிலில் நிறுத்தினார். நான் சும்மா இருப்பேனா? உடனே என் காரை நிழலில் சொருகிவிட்டேன்.

ஆனால் காரணம் தெரியாமல் மண்டை குடைந்தது. இன்று கேட்டே விட்டேன்.

"மேல சோலார் ஷீட் ஒட்டியிருக்கேன்மா. எலெக்ட்ரிக் கார்தானே, நிக்கிற இடத்துலயே கொஞ்சம் சார்ஜ் ஏறும்."

"எவ்வளவு ஏறுது சார்?"

அவர் முகம் வாடிவிட்டது. "ஒண்ணுமே ஏறலை. ஒட்டின மெக்கானிக் பையாவை நாளைக்கு வரச் சொல்லியிருக்கேன்."

பார்க்கலாமா என்றேன். குனிந்து கார் கவரின் நாடாவை அவிழ்த்து, பாதி தூக்கிக் காட்டினார். ஷீட் கருநீலத்தில் பளபளவென்று இருந்தது. ஒரு பொட்டுத் தூசி இல்லை.

"பகல்லயும் கவர் போட்டே வெச்சிருப்பீங்களா சார்?"

"பின்ன? இந்த வெயில்ல பெயிண்ட் என்னத்துக்கு ஆகும்? தில்லி தூசி வேற." சொல்லிக்கொண்டே கவரை மறுபடி இழுத்துக் கட்டினார்.

சொல்ல வாயெடுத்தேன். ஆனால் ஷீட்டா பெயிண்டா என்று வந்தால் மனிதர் பெயிண்ட் பக்கம்தான் சாய்வார். அப்புறம் நேரே வேப்பமரத்தடிக்குத் திரும்பிவிடுவார்.

"அச்சா சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நான் செய்தது சரியா தப்பா என்று நீங்கள் தாராளமாகச் சண்டை போடலாம். அவரை மட்டும் டேக் பண்ணித் தொலைக்காதீர்கள். பையா வரும்வரையாவது நிழல் என்னுடையதாக இருக்கட்டும்.