ஒரே வண்டி, இரண்டு சம்பளம்

கயலு, நீ வேலை செய்யும் கம்பெனியை வேறொரு கம்பெனி வாங்கிவிட்டதாம். "என் பக்கத்து சீட்டுக்குப் புதுசா வந்தவளுக்கு என்னவிட சம்பளம் ஜாஸ்திப்பா" என்று சொல்லிவிட்டு நேற்று சாப்பிடாமலே எழுந்து போனாய். எனக்கும் இது நடந்தது. உனக்கும் தம்பிக்கும் உதவும் என்று எழுதி வைக்கிறேன்.

1. போன பெஞ்சு

திருவொற்றியூரில் எங்களுடையது சின்ன கண்டெய்னர் யார்டு. நான் ரீச் ஸ்டேக்கர் ஆபரேட்டர். கண்டெய்னரை மேலேயிருந்து பிடித்துத் தூக்கி அடுக்குகிற பெரிய வண்டி அது. முதலாளி, மேனேஜர், லோடுமேன் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துதான் டீ குடிப்போம். எண்ணூர் பக்கத்துப் பெரிய யார்டு எங்களை வாங்கியதும் முதலில் காணாமல் போனது அந்தப் பெஞ்சு. பிறகு ஹெல்மெட் வந்தது. அவர்கள் ஆட்களுக்கு வெள்ளை, எங்களுக்கு மஞ்சள்.

என் வண்டியை எனக்கு முந்தின ஷிப்டில் ஓட்ட அங்கிருந்து செல்வம் வந்தான். நெட்டுக்குப்பத்துக்காரன், என்னைவிடச் சின்னவன். அதே வண்டி, அதே கண்டெய்னர், சம்பளம் மட்டும் என்னுடையதைப்போல ஒன்றரை மடங்கு. மேனேஜரிடம் கேட்டேன்.

"அவங்க மார்க்கெட் ரேட்டுல வந்தவங்க. நீங்க பழைய ஸ்ட்ரக்சர்" என்றார். எனக்குப் புரியவில்லை. வயிறு எரிந்தது மட்டும் புரிந்தது.

2. சூடு ஆறாத சீட்டு

வெள்ளை ஹெல்மெட்காரர்களை ஏற்றிக்கொண்டு வரும் கம்பெனி பஸ், பாதி காலியாக, நான் நடந்து வரும் ரோட்டிலேயே என்னைத் தாண்டிப் போகும். ஷிப்டு மாறும்போது செல்வம் வண்டியிலிருந்து இறங்கிய சீட்டில் உட்கார்ந்தால் இன்னும் சூடாக இருக்கும். சூட்டுக்குக்கூட வெள்ளை, மஞ்சள் உண்டோ என்று தோன்றும். அவனிடம் வண்டியைப் பற்றிப் பேசுவேன், வேறு பேச்சு வைத்துக்கொள்ள மாட்டேன்.

3. இரண்டு பூசணிக்காய்

ஆயுத பூஜைக்கு வண்டி ஓட்டுகிறவனே பூசணிக்காய் உடைப்பது எங்கள் யார்டு வழக்கம். முந்திக்கொள்ள நினைத்து நான் சீக்கிரமே ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். செல்வம் அங்கே இன்னொரு பூசணிக்காயோடு நின்றான். லாரி டிரைவர் ஒருவர் சிரித்தார்.

"இன்னா மாமு, ஒரு பொண்ணுக்கு ரெண்டு மாப்ளயா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "சம்பளத்ததான் நீ தூக்கிகினு போற. பூசணிக்காவாவது எனக்கு வுடுப்பா" என்றேன்.

செல்வம் தன் காயைக் கீழே வைத்தான். "நீயே ஒடைண்ணா. அடுத்த பூஜைக்கு நான் இங்க இருப்பனோ மாட்டனோ."

"ஏன், உனக்கு இன்னா கொறச்சல்?"

"நான் காண்ட்ராக்ட்டுண்ணா. வருசா வருசம் புதுப்பிச்சாதான் வேல. வூட்டு லோன் கேட்டா, பர்மனெண்ட் இல்லன்னு பேங்க்ல தொரத்திட்டான். நீ ரிட்டயர் ஆவுற வரிக்கும் கவல இல்லாம தூங்குவ. உன் மஞ்ச ஹெல்மெட்ட பாத்தாலே எனக்கு பேஜாரா கீது."

அவனுடைய வெள்ளை ஹெல்மெட்டைப் பார்த்து நான் வெந்துகொண்டிருந்த அத்தனை நாளும் அவன் என் மஞ்சளைப் பார்த்து வெந்திருக்கிறான். அன்று வண்டிக்கு முன்னால் இரண்டு காயும் உடைந்தன.

4. ஒன்றாகப் போனது

மறுவாரம் எங்களுக்குச் சம்பளமும் அவர்களுக்குப் பர்மனெண்டும் கேட்டு இரண்டு நிற ஹெல்மெட்டும் சேர்ந்து ஆபீசுக்குப் போனோம். மேனேஜர் கேட்ட முதல் கேள்வி சம்பளத்தைப் பற்றி இல்லை.

"நீங்க ரெண்டு குரூப்பும் எப்ப ஒண்ணு சேந்தீங்க?"

"ஒரே வண்டிதான சார் ஓட்றோம்" என்றான் செல்வம்.

உடனே ஒன்றும் நடக்கவில்லை. பலமுறை போனோம். கடைசியில் அவர்களைப் பர்மனெண்ட் ஆக்கினார்கள். எங்கள் சம்பளமும் ஏறியது, ஆனால் அவர்கள் அளவுக்கு இல்லை. அதனால் செல்வத்தின் சீட்டில் உட்காரும்போது இன்றும் லேசாக எரியும். பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது அவனிடமே சொல்லித் திட்டுவேன், அவன் சிரிப்பான். மிச்சத்தைக் கேட்க அடுத்த முறையும் என்னோடு வருவான்.

கயலு, நாளைக்கு மதியம் அந்தப் புதுப் பெண்ணோடு உட்கார்ந்து சாப்பிடு. அவளுக்கு என்ன கிடைக்கிறது என்பது உனக்குத் தெரியும். என்ன கிடைக்கவில்லை என்று கேள்.